மெருகேற்றினால் மலிவாகும் ரைபிள்கள்

ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில், ஒரே அளவுகளின்படி உருவாக்கப்பட்ட இரண்டு ராணுவ ரைபிள்களில் ஒன்று சில நூறு டாலருக்கும் மற்றொன்று பல ஆயிரம் டாலருக்கும் விலைபோவது, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் சேகரிப்பாளர் சந்தையில் வியப்புக்குரிய செய்தியல்ல. சுடும் திறனில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. சொல்லப்போனால், விலை குறைந்த ரைபிளே பார்வைக்குப் பளபளப்பாகவும் கைக்கு வழவழப்பாகவும் இருப்பதுண்டு. போர்கள் முடிந்த பின்னர் அரசுகள் தேவைக்கு மிஞ்சியவை என்று கழித்துவிட்ட, ‘ராணுவ உபரி’ என்று வணிகர்கள் குறிப்பிடும் இந்த ஆயுதங்களுக்கு விலை மதிப்பது ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ரைபிளின் மீதுள்ள முத்திரைகளையும் எண்களையும் தேய்மானத்தையும் ஓர் ஆவணத்தைப் போலப் படித்து, படைக்கிடங்கை விட்டு அது வெளியேறிய நாளில் இருந்த நிலையில் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று கணிப்பதே அந்தத் துறையின் உயிர்நாடி.

பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கி வைப்பதை நல்ல பழக்கமாகக் கொள்ளும் கண்ணுக்கு, பழைய ரைபிளைத் துலக்குவது அதன் விலையைப் பாதியாக்கிவிடும் என்பது எளிதில் விளங்காது. துலக்கும்போது போவது அழுக்கு மட்டுமாக இருந்தால் கேடில்லை. அதனுடன் சேர்ந்து, ஆய்வாளர் குத்திய முத்திரையும், தொழிற்சாலை இட்ட மேற்பூச்சும், எந்தப் பாகம் எந்தப் பாகத்தோடு பிறந்தது என்பதற்கான சான்றும் போய்விடுகின்றன. அவற்றை மீண்டும் கொண்டுவர எந்தப் பட்டறையாலும் முடியாது என்பதால்தான், கை படாத அழுக்கு ரைபிளுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருகிறார்கள்.

இந்த மதிப்பீட்டு முறையை விளக்குவதற்கு லீ-என்ஃபீல்டு ரைபிளைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு தமிழ் வாசகர்களுக்கு இருக்க முடியாது. காவல் நிலைய வாசலிலும் வங்கிப் பாதுகாப்பிலும் தலைமுறை தலைமுறையாகக் காணப்பட்ட, ‘த்ரீ நாட் த்ரீ’ என்று பாமரரும் பெயர் சொல்லும் துப்பாக்கி இதுவே. அதன் குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம் என்பதே அந்தப் பெயருக்குக் காரணம். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட்டும் தோட்டாப் பெட்டியும், லண்டனை அடுத்த என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் உருவான குழலும் இணைந்து 1895இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்த இந்த ரைபிள், 1907இல் ‘மார்க் 3’ என்ற குட்டை வடிவத்தை அடைந்து, முதல் உலகப் போரின் அகழிகள் முழுவதும் சுமக்கப்பட்டது. போல்ட் என்பது கையால் திருப்பி இழுத்து, சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியேற்றிப் புதிய தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் உருளைவடிவ இரும்புப் பாகம். லீ-என்ஃபீல்டின் எல்லா வகைகளையும் சேர்த்து ஒரு கோடியே எழுபது லட்சம் அளவில் உற்பத்தியானதாக மதிப்பிடப்படும் ஒரு பொருள் அரிய பொருளாக முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை, அவற்றுள் எத்தனை முதல் வடிவம் குலையாமல் தப்பின என்பதில் இருக்கிறது.

மதிப்பீட்டாளர் ரைபிளைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் பார்ப்பது, மரக்கட்டையின் அடிப்பகுதி, போல்ட் இயங்கும் இரும்பு உடற்பகுதியுடன் சேரும் இடத்தில் உள்ள இரும்புக் கழுத்தின் வலப்பக்கத்தை. அங்கே ஒரு கிரீடம், அதன் கீழே அரசரைக் குறிக்கும் ஜி.ஆர். என்ற எழுத்துகள், தயாரித்த இடத்தின் பெயர், ஆண்டு, மாதிரியின் பெயர் ஆகியவை வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். என்ஃபீல்டு என்றோ பர்மிங்ஹாம் நகரின் பி.எஸ்.ஏ. என்றோ இருந்தால் அது பெருந்தொகையில் செய்யப்பட்டது என்று பொருள். எஸ்.எஸ்.ஏ. அல்லது என்.ஆர்.எஃப். என்ற எழுத்துகள் இருந்தால் மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்காருவார். முதல் உலகப் போரின் நெருக்கடியில், பல சிறு பட்டறைகள் பாகங்களைத் தனித்தனியே செய்துதர அவற்றை ஓரிடத்தில் கோத்து முடிக்கும் திட்டத்தின் கீழ் குறுகிய காலமே உருவானவை அவை என்பதால், அதே தரத்தில் உள்ள என்ஃபீல்டு ரைபிளை விடக் கூடுதல் விலைக்குப் போகும்.

ஆண்டும் அவ்வளவு முக்கியமே. போரின் முதல் இரண்டு ஆண்டுகள் வரை மார்க் 3 ரைபிளில் இரண்டு உறுப்புகள் இருந்தன. ஒன்று, தோட்டாப் பெட்டியை மூடி வைத்து ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்டுச் சுடச் செய்யும் தகடு. மற்றது, படைப்பிரிவு முழுவதும் சேர்ந்து மிகத் தொலைவிலுள்ள எதிரிக் கூட்டத்தின் மீது ஒரே சமயத்தில் சுடுவதற்காக இடப்பக்கத்தில் பொருத்தப்பட்ட குறிகாட்டி. அகழிப் போரில் இரண்டுக்கும் பயனில்லை என்றும், அவற்றைச் செய்யும் நேரத்தில் இன்னும் பல ரைபிள்கள் செய்யலாம் என்றும் உணரப்பட்டதால் 1916இல் இவை விடப்பட்டு, மாதிரியின் பெயருக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறி சேர்க்கப்பட்டது. பழையவற்றிலிருந்தும் பழுதுபார்ப்பின்போது இவை கழற்றப்பட்டன. ஆகவே 1914 அல்லது 1915 என்று ஆண்டு குத்தப்பட்டு, அந்த இரண்டு உறுப்புகளும் பின்னர் பொருத்தப்பட்டவையாக இல்லாமல் முதலிலிருந்தே இருப்பவையாகக் கிடைத்தால், போர்க்களத்தில் சுமக்கப்பட்ட ஒன்று அடுத்தடுத்த அரைநூற்றாண்டுப் பழுதுபார்ப்புகளிலிருந்தும் தப்பியிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தப்பித்தலுக்குத்தான் விலை.

அடுத்து வருவது எண்களின் பொருத்தம். லீ-என்ஃபீல்டின் வரிசை எண் உடற்பகுதியில் மட்டுமன்றி, போல்ட்டின் கைப்பிடிப் பின்புறத்திலும், குழலிலும், பின் குறிகாட்டியின் தகட்டுக்கு அடியிலும், மூக்கு மூடியிலும், முன்கட்டையின் நுனிக்குக் கீழேயும் குத்தப்பட்டது. இது வெறும் கணக்குவைப்புக்காகச் செய்யப்பட்டதன்று. போல்ட் அதனதன் உடற்பகுதிக்கு ஏற்றவாறு பொருத்தப்பட்டதால், முகாமில் துடைக்கும்போது ஒருவருடையது மற்றொருவருடையதுடன் மாறிவிடாமல் இருப்பதற்கு எண் தேவைப்பட்டது. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிப்பகுதிக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட இடைவெளி மயிரிழை அளவே. அது மிகுந்துவிட்டால் சுடும்போது தோட்டாவின் கூடு கிழிந்துபோகலாம். இதற்காகவே பின்னர் வந்த ‘நம்பர் 4’ மாதிரிக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட, நீளத்தில் நுண்ணிய வேறுபாடுடைய போல்ட் தலைகள் செய்யப்பட்டன. எல்லா எண்களும் ஒத்திருக்கும் ரைபிளைச் சேகரிப்பாளர்கள் தனி வகையாகவே கருதுகிறார்கள். போல்ட்டின் எண் மட்டும் வேறுபட்டாலும் விலை கணிசமாக இறங்கும்.

ஜெர்மனியின் 98கே ரைபிளில் இந்த ஒழுங்கு இன்னும் கடுமையானது. சிறு திருகாணிகளின் தலையில்கூட எண்ணின் கடைசி இலக்கங்கள் குத்தப்பட்டிருக்கும். சோவியத் படைகள் லட்சக்கணக்கில் கைப்பற்றிய 98கே ரைபிள்கள் போருக்குப் பின் கிடங்குகளில் மொத்தமாகப் பிரித்துத் துடைக்கப்பட்டு, கைக்குக் கிடைத்த பாகங்களால் மீண்டும் கோக்கப்பட்டு, போல்ட்டில் மின்பேனாவால் புது எண் கீறப்பட்டு வைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவை அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது மலிவாகவே விற்றன. அமெரிக்க வீரர் ஒருவர் 1945இல் நினைவுப்பொருளாக ஊருக்குக் கொண்டுவந்த அதே மாதிரி ரைபிளுக்கோ பல மடங்கு விலை. வீரர்கள் தங்கள் துணிமூட்டைப் பையில் ரைபிள் அடங்காததால், குழலைச் சுற்றிய இரும்புப் பட்டை மறைக்கும் இடம் பார்த்து முன்கட்டையை ரம்பத்தால் அறுத்துக் கொண்டுவந்தார்கள். மீண்டும் பூட்டினால் வெட்டு தெரியாது. வேறு எந்த அறுப்பையும் மன்னிக்காத சேகரிப்பாளர்கள் இந்த ஒரு வெட்டை மட்டும் ஓரளவு பொறுத்துக்கொள்கிறார்கள். போர்க்களத்திலிருந்து நேராக வந்தது என்பதற்கு அதுவே சாட்சியாக நிற்பதால் இந்தச் சலுகை தரப்படுகிறது. இதில் தர்க்கத்தை விட உணர்ச்சியின் பங்கே கூடுதல் என்று சொல்வது தவறாகாது.

எண்களை அடுத்து மரமும் இரும்பும் ஆராயப்படுகின்றன. புதிதாகச் செய்த ராணுவ ரைபிளில், மரம் இரும்புடன் சேரும் விளிம்பில் மரத்தின் பரப்பு இரும்பின் பரப்பை விட ஒரு நூல் அளவு உயர்ந்து நிற்கும். விரல் நுனியால் குறுக்கே தடவினால் சிறு படி தட்டுப்படும். யாரேனும் உப்புத்தாள் கொண்டு கட்டையைத் தேய்த்திருந்தால் அந்தப் படி மறைந்து, மரம் இரும்பை விடத் தாழ்ந்துபோயிருக்கும். கட்டையில் குத்திய ஆய்வு முத்திரைகளின் ஓரங்கள் கூர்மை இழந்து, எழுத்துகள் ஆழமற்று மங்கியிருப்பதும் அதே குற்றத்தின் தடயம். இரும்பில், துரு ஏறாமல் தடுக்க இரசாயனத்தால் ஏற்றிய கருநீல மேற்பூச்சு எத்தனை விழுக்காடு மிச்சமிருக்கிறது என்று கணக்கிடுவது வழக்கம். அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கம் இதற்கெனப் படிநிலைகளை வகுத்திருக்கிறது. ஆனால் நூறு விழுக்காடு பூச்சுடன் மின்னும் எழுபது வயது ரைபிளைக் கண்டால் அனுபவமுள்ளவர் மகிழ்வதற்கு முன் ஐயப்படுவார். மெருகேற்றும் சக்கரத்தில் பிடிக்கப்பட்ட இரும்பின் மூலைகள் உருண்டிருக்கும், துளைகளின் விளிம்புகள் கிண்ணம்போல் குழிந்திருக்கும், எழுத்துகளைச் சுற்றிக் குத்தும்போது எழும்பிய மெல்லிய மேடு காணாமற் போயிருக்கும்.

இதில் ஒரு நுட்பமான விதிவிலக்கு உண்டு. ராணுவமே தன் பணிமனையில் செய்த புதுப்பிப்பு குறையாகக் கருதப்படுவதில்லை. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் முழுமையாகப் பிரித்துச் சீரமைத்த ரைபிள்களில் எஃப்.டி.ஆர். என்ற எழுத்துகளையும் ஆண்டையும் பொறித்தன. அந்தச் சீரமைப்பில் குழல் மாறியிருக்கலாம், கட்டை மாறியிருக்கலாம், முதற்பூச்சின் மேல் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருக்கலாம். இருந்தும் அது ரைபிளின் பணிக்கால வரலாற்றைச் சேர்ந்தது. அதே வேலையைப் பணிக்காலம் முடிந்தபின் ஒரு தனிமனிதர் தம் வீட்டுக் கொட்டகையில், அதைவிடத் திறமையாகச் செய்திருந்தாலும் அது சேதம் என்றே எண்ணப்படும். என்ன செய்யப்பட்டது என்பதைக் காட்டிலும் எப்போது, யாரால் செய்யப்பட்டது என்பதே இங்கே கேள்வி.

தனிமனிதர்கள் செய்த சேதத்தின் அளவைப் புரிந்துகொள்ள 1950களின் அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய அரசுகள் கழித்த ரைபிள்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கி, அஞ்சல் மூலமே வீட்டுக்கு வந்து சேர்ந்த காலம் அது. வேட்டைக்கு ஏற்றவாறு முன்கட்டையை அறுத்து, குழலைக் குட்டையாக்கி, தொலைநோக்கி பூட்ட உடற்பகுதியில் துளையிட்டு ஆயிரக்கணக்கானவை உருமாற்றப்பட்டன. அன்று அவற்றின் விலை அவ்வளவு அற்பம். ஜனாதிபதி கென்னடியை 1963இல் கொல்லப் பயன்பட்ட இத்தாலியக் கார்க்கானோ ரைபிள், சிகாகோ விற்பனையாளர் ஒருவரிடமிருந்து தொலைநோக்கியுடன் 19.95 டாலருக்கு அஞ்சலில் வாங்கப்பட்டதே. அந்தப் படுகொலையையும் அடுத்து நிகழ்ந்த கொலைகளையும் தொடர்ந்து 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், அஞ்சல் விற்பனையையும் ராணுவ உபரி இறக்குமதியையும் நிறுத்தியது. 1980களின் நடுவில் ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டவை போன்ற சேகரிப்புப் பொருள்களுக்கு இறக்குமதிக் கதவு மீண்டும் திறக்கப்பட்டபோது, இறக்குமதி செய்பவரின் பெயரையும் ஊரையும் ஆயுதத்தின் மீது பொறிக்க வேண்டும் என்ற நிபந்தனை உடன் வந்தது. அந்தப் பொறிப்பு இல்லாத ரைபிள் பெரும்பாலும் 1968க்கு முன்பே நாட்டுக்குள் வந்தது என்று கொள்ளப்படுவதால், குழலின் அடியில் உள்ள ஒற்றை வரி எழுத்துகூட விலையைக் குறைக்கும் நிலை உருவாயிற்று.

குழலின் உட்புறத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பழைய தோட்டாக்களின் எரியூட்டியில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின் உப்பாகப் படிந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதால், சுட்டவுடன் கொதிநீர் ஊற்றிக் கழுவப்படாத குழல்கள் உள்ளே அரித்துக் குழிகுழியாகிவிட்டன. சுட விரும்புகிறவருக்கு இது பெருங்குறை. காட்சிக்கு வைக்க விரும்புகிறவருக்கு அவ்வளவு இல்லை. சுடக்கூடாத ரைபிளுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு சான்று: சுமார் எட்டு லட்சம் வரையிலான எண்களைக் கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு ஆலைத் தயாரிப்புகளில், உலையின் சூட்டைத் தொழிலாளர் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டதால் சில உடற்பகுதிகள் அளவுக்கு மீறிக் காய்ச்சப்பட்டு நொறுங்கும் தன்மை பெற்றன. இன்று அவற்றைச் சுட வேண்டாம் என்றே எச்சரிக்கப்படுகிறது. ஆனால் வடிவம் குலையாத ஒன்று கிடைத்தால் வாங்குவோர் பலர்.

விலை உயர்ந்த இடத்தில் போலியும் வரும். நம்பர் 4 ரைபிள்களில் குறி தவறாதவற்றைத் தேர்ந்தெடுத்து, லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் தொலைநோக்கி பொருத்தி ஸ்னைப்பர் ரைபிள்களாக மாற்றியது; இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை இவ்வாறு உருவாயின. உடற்பகுதியின் இடப்பக்கத்தில் ‘டி’ என்ற எழுத்தும், கட்டையின் அடிப்புறத்தில் அந்த நிறுவனத்தின் போர்க்காலக் குறியீடான எஸ்51 என்பதும் இருக்கும். தொலைநோக்கியின் எண் கட்டையின் கழுத்தின் மேலும், ரைபிளின் எண் தொலைநோக்கியைத் தாங்கும் சட்டத்தின் மேலும் குத்தப்பட்டிருக்கும். இவ்வாறு ஒன்றையொன்று சுட்டும் எண்கள் இன்றும் ஒத்துநிற்பது அரிது. ஒத்துநின்றால் விலை சாதாரண நம்பர் 4 ரைபிளை விடப் பல மடங்கு. ஆகவே சாதாரண ரைபிளுக்கு டி முத்திரை குத்தி விற்பவர்களும் உண்டு. 1944 முதல் 1947 வரை மட்டுமே செய்யப்பட்ட ‘ஜங்கிள் கார்பைன்’ எனப்படும் நம்பர் 5 ரைபிளின் கதையும் இதுவே: நம்பர் 4 ரைபிளை அறுத்து, குழல் நுனியில் கூம்பு பொருத்தி, பின்கட்டைக்கு ரப்பர் அடி வைத்து விற்றார்கள். உண்மையான நம்பர் 5 ரைபிளில் எடை குறைப்பதற்காகக் குழலின் அடிப்பகுதியிலும் உடற்பகுதியிலும் இரும்பு சீவப்பட்டிருக்கும். மேல்மரத்தைக் கழற்றிப் பார்த்தால் போலியில் அது இருக்காது.

பாகிஸ்தானில் பெஷாவர் அருகேயுள்ள தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் கையாலேயே செய்யப்படும் லீ-என்ஃபீல்டுகளும் அவற்றுக்கு முந்தைய பிரிட்டிஷ் ரைபிளான மார்ட்டினி-ஹென்றிகளும் வேறு ரகம். ஆங்கிலம் அறியாத கைவினைஞர்கள் முத்திரையைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கியதால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இடவலம் மாறித் திரும்பியிருக்கும். 1901இல் மறைந்த விக்டோரியா மகாராணியின் வி.ஆர். எழுத்துகளுக்குக் கீழே அதற்குப் பிந்தைய ஆண்டு இருக்கும். ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய மேலைநாட்டு வீரர்கள் பழம்பொருள் என்று எண்ணி இவற்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இரும்பின் தரம் உறுதியற்றதால் சுடுவது ஆபத்து. எல்லைப்புற மக்களின் கைத்திறனுக்குச் சான்றாக இவற்றைத் தெரிந்தே சேகரிப்பவர்களும் உண்டென்பதால், போலி என்று தெரிந்த பின்னரும் ஒரு விலை மிஞ்சுகிறது.

ரைபிள் யாரிடம் இருந்தது என்ற வரலாறு விலையை உயர்த்தும். ஆனால் எழுத்தில் இருந்தால் மட்டுமே. கென்னடி தாம் செனட்டராக இருந்த 1959இல், குடிமக்களின் குறிசுடும் பயிற்சிக்காக அரசு உபரி ரைபிள்களை விற்ற திட்டத்தின் வழியே வாங்கிய எம்1 காரண்ட் ரைபிள், 2015இல் ஒன்றரை லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாக ஏலம் போனது. அதை அந்த விலைக்கு உயர்த்தியவை கொள்முதல் தாள்களும் கடிதங்களும். பெயரில்லாத வீரர்களுக்கும் இவ்வழியில் இடமுண்டு. லீ-என்ஃபீல்டின் பின்கட்டையில் பதித்த பித்தளை வட்டத்தில் படைப்பிரிவின் பெயரெழுத்துகள் குத்தப்பட்டன. சுவிட்சர்லாந்தின் கே31 ரைபிளில் பின்கட்டையின் இரும்பு அடியைக் கழற்றினால், அதை வைத்திருந்த வீரரின் பெயரும் ஊரும் எழுதிய சிறு அட்டை பல சமயம் உள்ளே மடிந்து கிடக்கிறது. ஜப்பானின் அரிசாக்கா ரைபிளில் பேரரசரின் பதினாறு இதழ்ச் செவ்வந்தி முத்திரை இருந்தது. 1945இல் சரணடைந்தபோது ஒப்படைத்த ஆயுதங்களில் அது தேய்த்து அழிக்கப்பட்டதால், அழியாத செவ்வந்தி பெரும்பாலும் போர்க்களத்தில் கைப்பற்றப்பட்டதற்கு அடையாளமாகி விலையைக் கூட்டுகிறது. தாளோ முத்திரையோ இல்லாமல் வாய்மொழியாக வரும் வீரக்கதைகளுக்குச் சந்தை காசு தருவதில்லை. துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே என்பது சேகரிப்பாளர்களிடையே புழங்கும் பழமொழி.

இவ்வளவும் ரைபிளுக்குள் இருப்பவை. வெளியே இருந்து விலையை ஆட்டுவிப்பவை அரசுகளும் சட்டங்களும். ரஷ்யாவின் மோசின்-நகாந்த் ரைபிள் 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நூறு டாலருக்கும் குறைவாகப் பெட்டி பெட்டியாக விற்றது. கிடங்குகள் வற்றி வரத்து நின்றபின் பல மடங்காகியது. எதிர்த்திசையில், காத்மாண்டுவின் பழைய அரண்மனையொன்றில் நூறாண்டுக்கு மேலாகக் குவிந்து கிடந்த நேபாள அரசின் ஆயுதங்களை இரு அமெரிக்க வணிக நிறுவனங்கள் 2003இல் மொத்தமாக வாங்கிக் கொண்டுசென்றபோது, அதுவரை அரியவை என்று கருதப்பட்ட சில மார்ட்டினி வகைகள் எளிதில் கிடைப்பவையாகிவிட்டன. இன்றைய அருமை நாளைய கிடங்குத் திறப்பில் கரையலாம் என்பதை மறந்து முதலீடாக வாங்குவோர் ஏமாறுவது இப்படித்தான். சட்டம் விலையாக மாறும் விதத்துக்கு ஃபின்லாந்தின் எம்39 ரைபிள் நல்ல எடுத்துக்காட்டு. ரஷ்யாவின் பழைய உடற்பகுதிகளை எடுத்து ஃபின்லாந்து இவற்றைச் செய்தது. கட்டையைக் கழற்றினால் உடற்பகுதியின் வால்பகுதிக்குக் கீழே முதல் உற்பத்தி ஆண்டு தெரியும். அது 1898 அல்லது அதற்கு முந்தியதாக இருந்தால் அமெரிக்க மத்தியச் சட்டப்படி அது துப்பாக்கியாகக் கருதப்படாத தொல்பொருள்; உரிமம் பெற்ற விற்பனையாளர் இல்லாமலே கைமாறலாம். இரட்டையர் போன்ற இரண்டு ரைபிள்களில் 1897 என்றிருப்பது 1900 என்றிருப்பதை விட விலை கூடியதாக இருப்பதற்கு வேறு காரணமே இல்லை.

இந்தியாவில் செய்யப்பட்ட ரைபிள்கள் இந்தச் சந்தையில் நீண்டகாலம் தாழ்வாகவே மதிக்கப்பட்டன. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே லீ-என்ஃபீல்டைச் செய்துவந்தது. அதன் முத்திரையில் பிரிட்டிஷ் கிரீடம் இருந்த இடத்தை விடுதலைக்குப் பின் அசோகச் சிங்கங்கள் பிடித்தன. 1962 சீனப் போருக்குப் பின், நேட்டோ நாடுகளின் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ப இச்சாப்பூர் உருவாக்கிய 2ஏ, 2ஏ1 மாதிரிகளைப் பழைய 303 ரைபிளைத் துளை மாற்றிச் செய்தவை என்று பலர் தவறாக எண்ணி ஒதுக்கினார்கள். உண்மையில் அவை உறுதி கூட்டிய எஃகில் புதிதாகவே செய்யப்பட்டவை. இன்னும் சுவையானது 410 மஸ்கட். காவலர்கள் கையிலிருந்து பறிக்கப்பட்டாலும் ராணுவத் தோட்டாவைச் சுட முடியாதவாறு, லீ-என்ஃபீல்டின் குழலை வரிப்பள்ளமற்ற வழுவழுப்பான குழலாக மாற்றி, தோட்டாப் பெட்டியின் இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடும்படி இச்சாப்பூர் இவற்றை அமைத்தது. ஆளும் அரசு தன் காவலர்களையே முழுதாக நம்பாத காலத்தின் சாட்சியம் அது. அமெரிக்காவுக்குப் போனவற்றில் பல, கடையில் கிடைக்கும் 410 தோட்டாவுக்கு ஏற்பக் குழலில் தோட்டா அமரும் துளை அகலப்படுத்தப்பட்டுவிட்டதால், மரக்கட்டை அடைப்பும் பழைய துளையும் மாறாமல் தப்பியவற்றின் மதிப்பு இனி ஏறுமே தவிர இறங்காது என்று கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு ஓர் எண்ணைச் சொல்லும்போது மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வி, மதிப்பு எதற்காக என்பதே. காப்பீட்டுக்கான மதிப்பு, அதே போன்ற இன்னொன்றைக் கடையில் வாங்க ஆகும் தொகை; விற்பனையாளர் கையில் காசாகத் தருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு; ஏலத்தில் சுத்தியல் விழும் தொகைக்கு மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம் செலுத்துவதால், செய்தியில் வரும் தொகை விற்றவர் கைக்கு வந்த தொகையன்று. விற்பவர்கள் கேட்கும் விலைகளைப் பார்த்து மதிப்பிடுவது தொடக்கக்காரர் தவறு. உண்மையில் விற்று முடிந்த விலைகள், அதுவும் அண்மைய ஓரிரு ஆண்டுகளுக்கு உட்பட்டவை, அவையே அளவுகோல். ஆண்டுதோறும் அச்சாகும் விலைக் கையேடுகள் வழிகாட்டும், தீர்ப்புச் சொல்லா.

இந்தியாவில் இந்தச் சந்தைக்கு இடமில்லை. 303 தோட்டாவைச் சுடும் ரைபிள் தனியார் வைத்திருக்கத் தடை செய்யப்பட்ட துளையளவைச் சேர்ந்தது. இந்திய ஆயுதத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென 315 துளையளவில் ரைபிள் செய்வதும் அதனால்தான். உத்தரப்பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாளில் 303 ரைபிளுக்கு முறைப்படி விடைகொடுத்ததைப் போலப் பல மாநிலங்களில் அது பணியிலிருந்து விலகிவருகிறது. அவற்றுள் முத்திரை குலையாத சிலவற்றையேனும் அருங்காட்சியகங்கள் கேட்டுப் பெறுவது நல்லது. பாட்டனார் காலத்துத் துப்பாக்கி எதுவும் வீட்டில் இருந்தால், அது எவ்வளவு பழையதாயினும், பயன்படுத்த முடியாத தொல்பொருள் என்று தாமாகவே முடிவுசெய்துவிடாமல், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து, உரிம அதிகாரியிடம் வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடியவை, மரபுரிமையாக வந்தவற்றையும் சேர்த்து, இரண்டு மட்டுமே. பழைய உரிமப் புத்தகம், வாங்கிய ரசீது, அது இருக்கும் குடும்பப் புகைப்படம் ஆகியவற்றைத் துப்பாக்கியிலிருந்து பிரித்துவிடாமல் ஒரே உறையில் பத்திரப்படுத்தி வையுங்கள்.